எஞ்சினுக்காகக் காத்திருந்த விமானங்கள்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய தீப்பெட்டி லேபிள்கள் ஒரு கட்டு கிடந்தது. விஸ்வநத்தத்தில் வளர்ந்த பையன்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. ஊரில் பாதிப் பேர் பட்டாசு, மீதிப் பேர் அச்சாபீஸ். அந்தக் கட்டில் ஒரு லேபிளில் மட்டும் விசித்திரமான ஒரு விமானம். நடுவில் முட்டை மாதிரி சின்னதாக ஒரு கூடு, அதில் பைலட். ரெண்டு பக்கமும் ரெண்டு நீள உடம்பு, பின்னால் ரெண்டு வால். ஓவியர் கற்பனையில் போட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அது நிஜ விமானம். லாக்ஹீட் பி-38 லைட்னிங். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து நம்மூர் ஓவியர் அப்படியே இறக்கியிருக்கிறார்.

இந்த விமானம் ஏன் இப்படி ஒரு கோணல் வடிவத்தில் இருக்கிறது என்று தேடப் போய், அந்தத் தேடல் கடைசியில் பெங்களூரில் வந்து நின்றது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1937-ன் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு ஒரு சுற்றறிக்கை விட்டது. பெயர் எக்ஸ்-608. எழுதியவர்கள் ரெண்டு பேர்: பெஞ்சமின் கெல்சி, கார்டன் சாவில். கெல்சி அப்போது வெறும் லெப்டினன்ட். கேட்டது இதுதான்: மணிக்கு 360 மைல் வேகம், தரையிலிருந்து 20,000 அடி உயரத்துக்கு ஆறே நிமிஷத்தில் ஏற வேண்டும். அந்தக் காலத்துக்கு இது பேராசை.

இதில் கெல்சி ஒரு தந்திரம் செய்தார். சண்டை விமானம் என்றால் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து 500 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அவருக்கு அதுபோல ரெண்டு மடங்கு வேண்டும். விதியை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு மனுப் போட்டால் எப்போது முடியும்? அதனால் 'சண்டை விமானம்' என்ற பெயரையே விட்டுவிட்டு, 'இடைமறிப்பு விமானம்' என்று புதிதாக ஒரு வகையை எழுதிவிட்டார். புது வகைக்குப் பழைய விதி பொருந்தாதே! அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் யாரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

அதே சமயத்தில் எக்ஸ்-609 என்று இன்னொரு அறிக்கையும் போனது. அது ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு. ரெண்டிலும் எஞ்சின் ஒன்றுதான்: ஆலிசன் வி-1710, கூடவே ஜெனரல் எலக்ட்ரிக்கின் டர்போ சூப்பர்சார்ஜர். இந்த டர்போதான் நம் கதையில் முக்கியமான ஆள் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உயரே போகப் போகக் காற்று மெலியும். எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்தை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் 20,000 அடியிலும் எஞ்சின் தரையில் ஓடுவது மாதிரியே ஓடும். அவ்வளவுதான் டர்போ.

ஆலிசன் எஞ்சின் அப்போதுதான் 1,000 குதிரைசக்தியில் தாக்குப்பிடித்துத் தேறியிருந்தது. கெல்சி கேட்ட வேகத்துக்கும் ஏற்றத்துக்கும் ஒன்று போதாது. ரெண்டு வேண்டும். ஒரே ஆள் உட்காரும் சண்டை விமானத்தில் ரெண்டு பெரிய எஞ்சினை எங்கே வைப்பது? போட்டியே இந்தக் கேள்வியில்தான்.

வல்ட்டி கம்பெனி ஒரு வரைபடம் கொடுத்தது. ஹோவர்ட் ஹியூஸிடமும் ரெட்டை எஞ்சின் யோசனை இருந்தது. லாக்ஹீட் ஜெயித்தது தன் யோசனையால்தான் என்று அவர் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். லாக்ஹீடில் ஹால் ஹிப்பர்டும், இருபத்தேழு வயதுகூட நிரம்பாத கெல்லி ஜான்சனும் இருந்தார்கள். ஜான்சன் ஒரே தாளில் ஆறு வடிவங்களை வரைந்து வைத்தார். வெளியில் கம்பெனிகளுக்குள் போட்டி என்றால், இந்தத் தாளுக்குள்ளேயே ஒரு போட்டி நடந்தது.

முதல் படம் சாதாரணமானது. நடுவில் உடம்பு, ரெண்டு இறக்கையிலும் ஒவ்வொரு எஞ்சின். அடுத்து, எஞ்சின் ரெண்டையும் உடம்புக்குள் ஒளித்துவிட்டு, நீளத் தண்டுகள் வழியாக இறக்கையில் இருக்கும் விசிறிகளைச் சுற்றுவது. விசிறி முன்னால் இருந்து இழுக்கலாம், பின்னால் இருந்து தள்ளலாம் என்று இதிலேயே ரெண்டு மாதிரி. இன்னொன்றில் நடுக்கூட்டின் மூக்கில் ஒரு எஞ்சின், முதுகில் ஒரு எஞ்சின். இன்னொன்றில் ரெண்டு உடம்பு, பைலட் இடது பக்க உடம்பில் உட்காருவார்; பார்த்தாலே தலை சுற்றும். மிச்சமிருக்கும் ஒன்றுதான் எங்கள் வீட்டு லேபிளில் இருந்த வடிவம்.

ஏன் அதைத் தேர்ந்தார்கள்? அழகுக்காக இல்லை. ஆலிசன் நீளமான எஞ்சின். அதற்குப் பின்னால் டர்போ வேண்டும், டர்போவுக்குப் பின்னால் ரேடியேட்டர் வேண்டும், நடுவில் சக்கரம் மடங்கிப் போக இடம் வேண்டும். இதையெல்லாம் வரிசையாக அடுக்கினால் இறக்கைக்குப் பின்னால் ஒரு நீண்ட குழல் தானாகவே உருவாகிவிடுகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் நீட்டினால் வால். நடு உடம்பே தேவையில்லை, பைலட்டுக்கு ஒரு கூடு போதும். அந்தக் கூட்டின் மூக்கில் எஞ்சின் இல்லாததால் துப்பாக்கி எல்லாவற்றையும் அங்கேயே நெருக்கமாக வைக்கலாம். பின்னாளில் ஒரு 20 மி.மீ. பீரங்கியும் நாலு இயந்திரத் துப்பாக்கியும் அங்கே உட்கார்ந்தன. கோணலாகத் தெரிகிற அந்த வடிவம் உண்மையில் எஞ்சினைச் சுற்றித் தைத்த சட்டை.

1937 ஜூன் 23-ல் லாக்ஹீட் ஜெயித்தது. ஒரே ஒரு மாதிரி விமானம் கட்ட 1,63,000 டாலர். 1939 ஜனவரி 27-ல் அதை முதலில் ஓட்டியவர் யார் தெரியுமா? அறிக்கை எழுதிய அதே கெல்சி. கேள்வித்தாள் தயாரித்தவரே வந்து பரீட்சையும் எழுதினார்! ரெண்டே வாரத்தில், பிப்ரவரி 11-ல், கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை கண்டம் தாண்டிப் பறந்தார். எண்ணெய் நிரப்ப இறங்கிய நேரம் போக 7 மணி 2 நிமிஷம். கடைசியில் ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் வேகம் எடுக்காமல், ஒரு கோல்ஃப் மைதானத்தில் விழுந்து விமானம் நொறுங்கியது. கெல்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்த ஒரே விமானமும் போயிருச்சு. ஆனால் அந்த ஏப்ரலிலேயே ராணுவம் மேலும் 13 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1940-ல் பிரிட்டனும் பிரான்ஸும் இதே விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தன. கேட்ட விதம்தான் வேறு: டர்போ வேண்டாம். அதோடு, ரெண்டு விசிறியும் ஒரே திசையில் சுற்றட்டும். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த கர்ட்டிஸ் விமானங்களின் எஞ்சினே இதற்கும் இருந்தால் உதிரிபாகம் சுலபம் என்பது கணக்கு. தரைச்சக்கரம் விட்டுப் பார்த்தவர்களுக்கு ரெண்டாவது கோரிக்கையின் விளைவு புரியும். சுற்றுகிற பொருள் எதுவானாலும் எதிர்ப்பக்கம் ஒரு முறுக்கு உண்டு. ரெண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்றினால் முறுக்கு ஒன்றையொன்று தின்றுவிடும்; ஒரே பக்கம் சுற்றினால் கூடிப்போகும். முதலாவது கோரிக்கையின் விளைவு இன்னும் மோசம்: உயரத்தில் சண்டை போட என்றே பிறந்த விமானத்துக்கு உயரத்தில் மூச்சு இல்லை. பிரிட்டன் சோதிக்க மூன்று விமானங்களை வாங்கிப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. எக்ஸ்-609-ல் ஜெயித்த பெல் பி-39-க்கும் கிட்டத்தட்ட இதே கதி. நடுவழியில் அதன் டர்போவைக் கழற்றிவிட்டார்கள். அதோடு அது இடைமறிப்பு விமானமாக இருப்பதும் முடிந்தது. தாழப் பறந்து சண்டை போட்ட ரஷ்யர்களிடம்தான் அது பேர் வாங்கியது.

டர்போவோடு வந்த பி-38 மட்டும் 10,000-க்கு மேல் கட்டப்பட்டது. 1943 ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் யமமோட்டோவை வானத்தில் வழிமறித்துக் கொன்றது இதுதான். நம் பக்கமும் வந்தது. 459-வது படைப்பிரிவு என்று ஒன்று வங்காளத்திலிருந்து கிளம்பிப் பர்மா மேல் பறந்துகொண்டிருந்தது.

சரி, பெங்களூருக்கு வருவோம்.

எச்.ஏ.எல். பிறந்தது 1940 டிசம்பரில். வால்சந்த் ஹிராசந்தும் மைசூர் சமஸ்தானமும் சேர்ந்து போட்ட முதல், கூட்டிவந்த ஆள் அமெரிக்கரான வில்லியம் பாலி. அதனால் ஆரம்ப வரைபடங்கள் எல்லாமே அமெரிக்கச் சரக்கு: 1941-ல் ஹார்லோ பயிற்சி விமானம், அப்புறம் கர்ட்டிஸ் ஹாக். எக்ஸ்-608-ல் தோற்ற வல்ட்டி கம்பெனியின் குண்டுவீச்சு விமானத்துக்குக்கூட ஆர்டர் இருந்தது. போர் முற்றியதும் கட்டுவதை விட்டுவிட்டுப் பழுது பார்க்கும் பட்டறையாக மாறிவிட்டது. சொந்தமாக வரைந்து பறக்கவிட்டது 1951-ல்தான், வி.எம். கட்டகே குழுவின் எச்.டி-2 பயிற்சி விமானம். விசிறி வைத்த சின்ன விமானம்.

அங்கிருந்து அஞ்சே வருஷத்தில் விமானப்படை என்ன கேட்டது பாருங்கள். ஒலியைப் போல ரெண்டு மடங்கு வேகம். 60,000 அடி உயரம். 500 மைல் போய்ச் சண்டை போட்டுத் திரும்ப வேண்டும். உயரே இடைமறிக்கவும் வேண்டும், தாழப் பறந்து தரையில் அடிக்கவும் வேண்டும். கெல்சியின் பேராசை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இதை வரைய நேரு அழைத்துவந்தவர் குர்ட் டாங்க். ஹிட்லரின் ஜெர்மனியில் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வரைந்தவர். போர் முடிந்ததும் அர்ஜென்டினா போய் அங்கே ஒரு ஜெட் விமானம் பறக்கவிட்டார். 1955-ல் அங்கே பெரோன் ஆட்சி கவிழ்ந்ததும், 1956-ல் ஒரு சின்ன ஜெர்மன் குழுவோடு பெங்களூர் வந்து சேர்ந்தார். அவர் வரைந்ததுதான் எச்.எஃப்-24 மாருத். ரெண்டு எஞ்சின், பக்கத்தில் பக்கத்தில், உடம்புக்குள். இடுப்பு ஒடுங்கிய உடம்பு; ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பைக் குறைக்க அப்படி ஒடுக்குவார்கள். மூக்கில் நாலு 30 மி.மீ. துப்பாக்கி, வயிற்றில் 50 ராக்கெட் அடங்கும் ஒரு மடிப்புப்பெட்டி.

அப்போது எச்.ஏ.எல்-லில் பெரிய காற்றுச் சுரங்கமோ பெரிய ஆய்வுக்கூடமோ கிடையாது. டாங்க் என்ன செய்தார் என்றால், நிஜ அளவிலேயே மரத்தில் ஒரு விமானம் செய்தார். எஞ்சின் இல்லை. எக்ஸ்-241 என்று பெயர். டகோட்டா விமானத்தில் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் அவிழ்த்துவிட்டால் தானாகச் சறுக்கி இறங்கும். 1959-ல் ஆரம்பித்து 78 தடவை பறந்தது. காசில்லாத இடத்தில் புத்தி வேலை செய்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது யோசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எஞ்சின் இல்லாமல் முதலில் பறந்தது அந்த மர விமானம். அதற்கப்புறம் வந்ததும் ஒருவிதத்தில் எஞ்சின் இல்லாமலேதான் பறந்தது.

விஷயம் இதுதான். டாங்க் மாருத்தை வரைந்தது பிரிட்டனின் பிரிஸ்டல் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்த ஓர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை மனதில் வைத்து. ஆஃப்டர்பர்னரோடு சேர்த்து ஒன்றுக்கு 8,170 பவுண்டு உந்துவிசை. ஆஃப்டர்பர்னர் என்றால், எஞ்சினை விட்டு வெளியே போகும் சூடான காற்றில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில், பின்குழாயிலேயே இன்னொரு முறை எண்ணெய் தெளித்துக் கொளுத்துவது. எண்ணெய் தண்ணீராகச் செலவாகும், ஆனால் தேவைப்படும் ரெண்டு மூன்று நிமிஷத்துக்கு உதை கிடைக்கும். ஒலி வேகத்தைத் தாண்ட அந்த உதை வேண்டும்.

ஓர்ஃபியஸ் 12 பாதி வளர்ச்சியில் இருந்த எஞ்சின். நேட்டோ நாடுகளின் இலகு சண்டை விமானங்களுக்கு ஆகும் என்று பிரிஸ்டல் எதிர்பார்த்தது. அங்கே நடந்த போட்டியில் ஜெயித்த ஃபியட் ஜி.91-க்குச் சாதாரண ஓர்ஃபியஸே போதும். ஆக 12-க்கு வாங்க ஆளில்லை. மிச்சமிருக்கிற ஒரே ஆசாமி இந்தியா. 'வேலையை முடிக்க வேண்டுமானால் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்றார்கள். டெல்லி மறுத்துவிட்டது.

மாருத் பற்றிப் பேசும் எல்லோரும் இந்த இடத்தில் டெல்லி அதிகாரிகளைத் திட்டுவார்கள். நானும் முதலில் திட்டினேன். ஆனா அந்த வருஷங்களைக் கொஞ்சம் பாருங்கள். 1957-58-ல் நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டு கிடந்தது, ரெண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தையே வெட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். வேறு யாருமே வாங்காத ஒரு வெளிநாட்டு எஞ்சினுக்குப் பவுண்டில் பணம் கட்டு என்றால் தயங்கத்தான் செய்வார்கள். மறுத்ததை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. மறுத்த பிறகு என்ன செய்வது என்று யாரிடமும் பதில் இல்லாததுதான் குற்றம். எஞ்சின் போய்விட்டது, ஆனால் விமானத்தின் வேலை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

கைவசம் இருந்தது நாட் விமானத்துக்காக எச்.ஏ.எல். உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்த ஓர்ஃபியஸ் குடும்பத்தின் 703. ஆஃப்டர்பர்னர் கிடையாது. ஒன்றுக்கு 4,850 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோவில் சொன்னால் ரெண்டு 703-ம் சேர்ந்து சுமார் 4,400. ரெண்டு 12-ம் சேர்ந்தால் சுமார் 7,400. எண்ணெய், தோட்டாவோடு மாருத் கிட்டத்தட்ட 9,000 கிலோ. முதல் கணக்கில் தன் எடையில் பாதிக்கும் கொஞ்சம் குறைவான உதை. ரெண்டாவதில் எண்பது சதவீதத்துக்கு மேல். பெரிய வாணத்துக் குழாயில் சின்ன வாணத்து மருந்தைக் கெட்டித்தால் எப்படிப் போகும் என்று எங்க ஊரில் ஆறு வயசுப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்.

1961 ஜூன் 17-ல் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மாருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் வெளியே இவ்வளவு தூரம் வந்த நாடுகள் அப்போது மிகக் குறைவு. விமானம் நன்றாகப் பறந்தது. ஒலியின் வேகத்தைத் தொட்டு, கொஞ்சம் தாண்டுவதோடு நின்றுகொண்டது.

இதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது ஒரு எஞ்சின் சுயம்வரம். ஒவ்வொரு மாப்பிள்ளையாக வருவார், ஏதோ ஒன்றில் தட்டிப்போகும். முதலில் ரஷ்யாவின் ஆர்.டி-9, மிக்-19-ல் இருந்தது. இது பெரிய பழுதுபார்ப்புக்கு நடுவில் ஓடும் மணிநேரம் ரொம்பக் குறைவு என்று கைவிட்டார்கள். ரஷ்யப் பேச்சு வேறொரு பக்கம் திரும்பியது: 1962-ல் மிக்-21-ஐயே வாங்குவது என்று முடிவானது. ஒலியைப் போல ரெண்டு மடங்கு வேகத்தில் இடைமறிக்கும் வேலைக்கு ஆள் வந்தாச்சு. மாருத்துக்கு மிஞ்சியது தரைத் தாக்குதல்.

அடுத்த மாப்பிள்ளைதான் சுவாரசியம். எகிப்து. நாசர் தன் நாட்டுக்கு ஒரு சண்டை விமானம் கட்ட வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டை வைத்திருந்தார். ஹெல்வானில் எச்.ஏ-300 என்று ஒரு விமானம் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு இ-300 என்று எஞ்சின் செய்தவர் ஆஸ்திரியாக்காரரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர். போருக்குப் பிறகு ரஷ்யர்களிடம் கைதியாக இருந்து அவர்களுக்கு எஞ்சின் வேலை செய்து கொடுத்தவர். யோசித்துப் பாருங்கள்: போர்க்காலத்தில் ஜெர்மனியின் ரெண்டு பெரிய சண்டை விமானங்களை வரைந்த போட்டியாளர்கள் டாங்கும் மெஸ்ஸர்ஷ்மிட்டும். ஒருவர் பெங்களூரில், ஒருவர் கெய்ரோ பக்கத்தில், ரெண்டு பேரும் ஒரே எஞ்சினுக்காகக் காத்திருக்கிறார்கள்!

எச்.ஏ-300-க்கும் தன் எஞ்சின் வரவில்லை. 1964 மார்ச்சில் அது முதலில் பறந்தபோது உள்ளே இருந்தது ஓர்ஃபியஸ் 703. ஓட்டியவர் நம் விமானப்படையின் கபில் பார்கவா. இந்தியா தன் பங்குக்கு ஒரு மாருத்தை எகிப்துக்கு அனுப்பியது. அதன் ஒரு ஓர்ஃபியஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இ-300 ஒன்றைப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் பிரிட்டிஷ் எஞ்சின், மறுபக்கம் எகிப்திய எஞ்சின். 1967 மார்ச் 29-ல் அப்படியே பறக்கவும் செய்தது. ஜூனில் ஆறு நாள் போர். எகிப்தின் விமானப்படை தரையிலேயே எரிந்தது. 1969-ல் இ-300 வேலை நின்றது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1959-ல் கான்பூரில் ஆரம்பித்து ரெண்டு வருஷத்தில் பெங்களூருக்கு வந்த ஜி.டி.ஆர்.இ. ஆய்வகம், ஓர்ஃபியஸ் 703-க்கே சொந்தமாக ஒரு ஆஃப்டர்பர்னர் செய்தது. தைரியமான காரியம். ஆனால் பின்குழாய் பெருத்தது, பின்னுடம்பு பருத்தது, காற்றின் எதிர்ப்பும் கூடியது. வலது கையில் கிடைத்த உதையை இடது கையால் திருப்பிக் கொடுத்த மாதிரி. 1970 ஜனவரி 10-ல் இந்த எஞ்சின் பொருத்திய மாதிரி ஒன்று பெங்களூரில் தரையை விட்டுக் கிளம்பும்போதே விழுந்தது. ஓட்டிய சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார். முதல் மாருத்தைப் பறக்கவிட்ட அதே மனிதர்.

கெல்சியின் ஒரே விமானம் கோல்ஃப் மைதானத்தில் நொறுங்கியபோது அடுத்த ரெண்டரை மாதத்தில் 13 ஆர்டர் வந்தது என்று சொன்னேன் இல்லையா? இங்கே விமானத்தோடு சேர்ந்து முயற்சியும் ஓய்ந்தது. ரெண்டையும் ஒரே தராசில் வைப்பது முழுக்க நியாயமில்லைதான். அங்கே வாசலில் உலகப்போர் நின்றது, எஞ்சினும் கையில் இருந்தது. அந்த விபத்தில் ஆளும் பிழைத்தார். இருந்தாலும் ரெண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது மனசு கேட்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு மாருத் ஒன்றுக்கும் ஆகாத விமானம் என்று நினைத்துவிடக் கூடாது. மொத்தம் 147 கட்டினார்கள், அதில் 18 ரெட்டை இருக்கை. 1967-ல் 10-வது ஸ்குவாட்ரனில் ஆரம்பித்து மூன்று ஸ்குவாட்ரன்கள் அதை ஓட்டின. தாழப் பறக்கையில் அது கல் மாதிரி நிலையாக, நல்ல வேகத்தில் போகும் என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். அதிவேகத்துக்கு என்று டாங்க் போட்ட மெல்லிய இறக்கையும் கெட்டியான உடம்பும் தாழ்வான பறத்தலுக்குத்தான் உதவின. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனம் முழுக்க வேலை செய்தது. லாங்கேவாலா என்றதும் சிலர் மாருத் படத்தைப் போடுகிறார்கள். அங்கே டாங்குகளை அடித்த பெருமை பெரும்பாலும் ஜெய்சல்மரிலிருந்து கிளம்பிய ஹன்ட்டர்களுடையது. மாருத்துக்கு வேறு பெருமை உண்டு. டிசம்பர் 7-ல் ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்ஷி தன் மாருத்தின் துப்பாக்கியால் ஒரு சேபர் விமானத்தை வீழ்த்தினார். தரையில் அடிக்கப் போன விமானம், பிறவியில் இடைமறிப்பு விமானம் என்பதை ஒரு நாள் காட்டிவிட்டது. எதிரி எல்லைக்குள் ஒரு எஞ்சின் போய், இன்னொன்றை வைத்தே வீடு திரும்பிய மாருத்தும் உண்டு. ரெண்டு எஞ்சின் வைத்ததற்கு அந்த பைலட்டின் குடும்பம் டாங்குக்கு நன்றி சொல்லியிருக்கும்.

கடைசி மாப்பிள்ளை 1970-களில் வந்தார்: டொர்னாடோவுக்காக ஐரோப்பாவில் தயாரான ஆர்.பி.199. அதை வைத்து எச்.எஃப்-73 என்று மாருத்தின் வாரிசு ஒன்றை வரைந்தார்கள். தாளோடு சரி. 1978-ல் ஜாகுவாரை வாங்க முடிவானது. அதற்கும் ரெண்டு எஞ்சின். அந்த எஞ்சினையும் பின்னால் உரிமம் வாங்கி பெங்களூரிலேயே செய்தார்கள். மாருத் 1990 வாக்கில் ஓய்வு பெற்றது.

பி-38-ஐ வரைந்தவர்கள் கையில் இருந்த எஞ்சினைச் சுற்றி விமானத்தைத் தைத்தார்கள். டாங்க் வரப்போகும் எஞ்சினுக்குத் தைத்தார். ரெண்டிலும் தையல் நன்றாகத்தான் இருந்தது. பிரிட்டன் கேட்ட டர்போ இல்லாத லைட்னிங்கையும் நம் மாருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரு வித்தியாசம்: பிரிட்டன் தானாகவே கழற்றச் சொன்னது, சரிப்படவில்லை என்றதும் தூக்கிப்போட வேறு விமானங்கள் இருந்தன.

தேஜஸ் 2001 ஜனவரி 4-ல் முதலில் பறந்தது, அமெரிக்க ஜி.இ. எஃப்-404 எஞ்சினோடு. அதற்கென்றே 1989-ல் ஆரம்பித்த காவேரி எஞ்சின், அதே ஜி.டி.ஆர்.இ-யில், உரிய உந்துவிசையை எட்டாமல் 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கு விமானப்படை 2021-ல் 83 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டருக்கான முதல் எஞ்சினை ஜி.இ. அனுப்பியது 2025 மார்ச்சில். அடுத்து ஏ.எம்.சி.ஏ. என்று ஒரு ரெட்டை எஞ்சின் விமானத்துக்கு வரைபடம் தயாராகியிருக்கிறது. முதலில் வருவதற்கு ஜி.இ. எஃப்-414, அதற்கப்புறம் வருவதற்கு இனிமேல்தான் எஞ்சின் செய்ய வேண்டும்.

பெங்களூர் போனால் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒரு மாருத் நிற்கிறது, பார்க்கலாம். பின்பக்கம் போய் அந்த ரெண்டு குழாய்களையும் பாருங்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரத்தில் சுரஞ்சன் தாஸ் ரோடு வரும்.